துணியும் துண்டும்

உடையார்பாளையத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த ராசாங்கம் ஓட்டலில் ஒரே ஒரு துணிதான் இருந்தது. அது செய்யாத வேலை கிடையாது. மேசை துடைக்கும், தோசைக்கல் தேய்க்கும், சாம்பார் அண்டாவை இறக்கும், கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த முருகன் படத்துக்கும் முகம் துடைத்துவிடும். அவ்வளவு உழைத்த துணிக்குக் குளியல் மட்டும் கிடையாது. பாத்திரம் கழுவிய எனக்காவது தீபாவளிக்கு ஒரு புடவை உண்டு.

எண்பத்திரண்டாம் வருஷம் மாசிமகத்தன்று அங்கே பொங்கல் தின்ற எட்டுப் பேருக்கு வயிற்றால் போனது. சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். துணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். தூக்கிய விரலை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றார், பாவம்.

"மேசைக்கு ஒண்ணு, பாத்திரத்துக்கு ஒண்ணு, அடுப்படிக்கு ஒண்ணு. தெனமும் கொதிக்கிற தண்ணியில போட்டு அலசி, வெயில்ல காயப்போடணும். அடுத்த வாரம் வருவேன். துணி மாறலைன்னா கடையப் பூட்டிருவேன்" என்றார்.

பூட்டினால் முதலாளிக்கு நாலு ஏக்கர் நிலம் இருக்கிறது. எனக்கு முந்திரி உடைக்கும் கொட்டகைதான் இருக்கிறது. முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டால் கை வெந்து தோல் உரியும். அங்கிருந்து தப்பி வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதனால் புதிதாக வந்த மூன்று துணிகளையும் பெற்ற பிள்ளைகளைப் போல நான்தான் வளர்த்தேன். முதலாளியும் அடியோடு மாறிப்போனார். மேசைத் துணி பாத்திரத்தின் பக்கம் போனால் போதும், "ஏய், துணி! துணி!" என்று எகிறிக் குதித்தார்.

சொன்னபடி இன்ஸ்பெக்டர் வந்தார். கொடியைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், துணிகளை முகர்ந்துகூடப் பார்த்தார்.

"பரவாயில்லையே!" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முதலாளி நெகிழ்ந்துபோனார். பெரிய மனுஷர் எதிரில் தோளில் துண்டு கிடக்கலாமா? காலையிலிருந்து கழுத்து வேர்வையைக் குடித்துக்கொண்டிருந்த துண்டை உருவி, பவ்யமாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"சார் ஒரு காப்பியாவது சாப்புட்டுதான் போவணும்."

நான் கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்தார். மரியாதை இன்னும் மிச்சமிருந்தது போலிருக்கிறது. கக்கத்துத் துண்டை டம்ளருக்குள் விட்டு நாலு சுற்றுச் சுற்றினார்.

இன்ஸ்பெக்டருக்கு முகம் கறுத்துவிட்டது. "என்னய்யா துணி அது?"

"அய்யய்யோ, இது துணி இல்லீங்க சார்" என்றார் முதலாளி பெருமையாக. "துண்டு!"

பதினைந்து நாள் கடைக்குப் பூட்டு. மறுநாளே நான் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன்.

பதினாறாம் நாள் முதலாளி அங்கேயே வந்துவிட்டார். "கடை தொறந்தாச்சு அமிர்தவல்லி. வந்துரும்மா."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். கொப்புளங்கள் உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது. கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லையே.

"அடடா, இங்க குடு" என்று தோளிலிருந்து துண்டை உருவி, என் கையைத் துடைக்க வந்தார்.

"தொடாதீங்க மொதலாளி!"

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. அதற்கு முன் அவர் எதிரில் நான் குரல் உயர்த்தியதே இல்லை.