ஆறு எதிர்த்து வந்த ஞாயிறு

பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும்போது பற்றிய தீயில் செல்வலட்சுமிக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போயின. புண் ஆறி வருஷம் ஒன்றாகியும் எம். புதுப்பட்டியில் அவளை யாரும் ஒரு குடம் தூக்க விடவில்லை. புருஷன் பாண்டிகூட அரிவாள்மனையை அவள் கண்ணில் படாமல் எடுத்து வைத்தான். அந்த இரக்கம் அவளுக்குத் தீயைவிட எரிந்தது.

இரண்டாயிரத்து ஐந்து கார்த்திகையில் வெம்பக்கோட்டை அணை நிறைந்து கிடந்தது. மகள் சினேகாவின் விளையாட்டு டீச்சர் ஷைலா, தூத்துக்குடியிலிருந்து இருவர் உட்காரும் கயாக் படகு ஒன்றை வேன் மேல் கட்டிக்கொண்டு வந்தாள். ஆற்றை எதிர்த்துப் போனால் பழைய கல்மண்டபம் இருக்கும் ஊரை எட்டலாம், கூடத் துடுப்புப் போட ஓர் ஆள் வேண்டும் என்றாள். கண்மாயில் நீந்தி வளர்ந்த செல்வலட்சுமி நான் வாரேன் என்றாள்.

துடுப்பு வழுக்காமலிருக்க அதன் தண்டில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக்கொண்டாள். ஞாயிறன்று பாண்டி அணைக்கரைவரை வந்து தடுத்துப் பார்த்தான்; அவள் கேட்கவில்லை.

நீர்த்தேக்கம் குறுகி ஆறாகும் இடத்தில் இருகரையிலும் கரிசல் காடு, பச்சைச் சோளம், தூரத்தில் நீலமாய் மலை. ஷைலா அண்ணாந்து கொக்குகளைப் பார்த்த நேரம், முங்கிக் கிடந்த சீமைக்கருவேல மரத்தில் படகு மாட்டிக் கவிழ்ந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனாலும் முள் கிழித்து செல்வலட்சுமியின் முழங்கையில் ரத்தம் வழிந்தது. கரையேறி நடந்து திரும்பலாம் என்றாள் ஷைலா.

செல்வலட்சுமி படகைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினாள்.

"பாதியில திரும்புனா இனி என்னைய வீட்டு வாசலத் தாண்ட விடமாட்டாக, டீச்சர். ஏறுங்க."

அதற்குமேல் ஆறு முகத்தில் அடிப்பதுபோல எதிர்த்து வந்தது. மிச்சமிருந்த மூன்று விரல்களும் மரத்துப்போயின. உள்ளங்கையால் துடுப்பை அழுத்தித் தள்ளினாள். தோள் கடுத்தது, நிறுத்தவில்லை.

மண்டபத்துப் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ராக்காயி, அணையிலிருந்து தண்ணீர் மேலேயா வந்தீக என்று வாய் பிளந்தாள். உள்ளே கூட்டிப்போய் மீன் செதுக்கிய தூண்களைக் காட்டி, நீராகாரம் கொடுத்தாள்.

திரும்புகையில் ஆறே இழுத்து வந்தது. பொழுது சாய, அணைக்கரையோரம் முழங்கால் தண்ணீரில் நின்ற பாண்டி, பயமா இல்லையா என்று மட்டும் கேட்டான்.

"பயமாத்தான் இருந்துச்சு. அடுத்த ஞாயித்துக்கெளம நீங்க வாங்க. முன்னால ஒக்காருங்க, நான் தள்ளுதேன்."