காந்திமதியின் எட்டு கிலோ

என் மனைவி காந்திமதிக்கு முட்டி ஆபரேஷன் செய்ய வேண்டும். எட்டு கிலோ குறைத்துவிட்டு வந்தால்தான் கத்தி வைப்பேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படி ஏறும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியிலேயே அவள் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார்கள். சாப்பாட்டுத் தட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். சனிக்கிழமைதோறும் ஜென்சி என்கிற டயட்டீஷியன் பெண் கூப்பிட்டுப் பேசுவாளாம். வேலையத்த வேலை என்றேன். திருமுடிவாக்கத்தில் இருபது வருஷமாக லேத் மெஷின் ஓட்டுகிறவன் நான். படம் பிடித்தால் உடம்பு இளைக்கும் என்றால் சிரிப்புதான் வரும்.

அவள் விடவில்லை. இரண்டு மாதம், காலையும் ராத்திரியும் அடுப்படியில் படம். ஜென்சி சோற்றைக் குறைக்கச் சொன்னால் குறைத்தாள், கீரையைக் கூட்டச் சொன்னால் கூட்டினாள். பத்தியச் சோறு தின்று என் பேன்ட்தான் இடுப்பில் நிற்கவில்லை. எடை மெஷினில் அவள் முள் அசையவே இல்லை.

போன சனிக்கிழமை போன் ஸ்பீக்கரில் ஜென்சி கேட்டாள்: "அக்கா, நீங்க அனுப்புற படத்தைப் பார்த்தா நாலு கிலோவாவது குறைஞ்சிருக்கணும். நடுவுல வேற ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

காந்திமதியின் முகம் தொங்கிப்போனது. "திருடியக் கேக்குறா மாதிரி கேக்குதுய்யா. இந்த ஆப்ப அழிச்சுடு. ஆபரேசனும் வாணாம், ஒண்ணும் வாணாம்" என்று போனை என்னிடம் நீட்டினாள்.

எனக்கு வந்ததே கோபம்! "இன்னாமா பேசுற? என் பொண்டாட்டி பொய் சொல்றான்னு நெனச்சிகினு கீறியா?"

"கோச்சுக்காதீங்க சார். எல்லா படத்துலயும் தட்டு விளிம்புல குப்பன்னு பேர் வெட்டியிருக்கு. அது யாரு?"

"நான்தான்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. காந்திமதியைப் பார்த்தேன்.

"தட்டப் படம் புடின்னாங்க, புடிச்சேன். எனக்கு ஏதுய்யா தட்டு? உனக்கும் புள்ளைங்களுக்கும் போட்டுட்டு, ஆறிப்போன மிச்சத்த சட்டியிலயே பெசஞ்சி துன்னுடுவேன். கொட்ட மனசு வருமா?"

அட பாவி மனுஷா! கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஜென்சி, "தப்பு என்னோடதுக்கா. நீங்க எப்படிச் சாப்பிடுவீங்கன்னு நான் கேக்கவே இல்ல. விட்டுட்டுப் போயிடாதீங்க" என்றாள். காந்திமதி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் அவளைப் பிடித்து உட்காரவைத்து நானே பரிமாறினேன். ஒரு கரண்டி சோறு, கீரை, ஒரு துண்டு மீன். மூன்று தடவை எழுந்திருக்கப் பார்த்தாள்.

"கம்முனு உக்காருடி."

படம் எடுத்துவிட்டுச் சோற்றில் கைவைத்தவள் வெடுக்கென்று எடுத்தாள்.

"இன்னாச்சு?"

"சுடுதுய்யா" என்றாள், ஏதோ அதிசயம்போல.

அவள் ஊதி ஊதித் தின்று முடிக்கிறவரை நான் என் சோற்றைத் தொடவில்லை.