மோப்பக்காரர் வீட்டுப் பாஸ்தா

வேன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நேராக அடுப்படிக்குப் போனேன். பள்ளிப் பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிட்டு வந்தபிறகு நின்று நிதானமாகச் சமைக்க எனக்குப் பொறுமை கிடையாது. சாசேஜ், பாஸ்தா, சீஸ் என்றால் ஒரே வாணலியில் வேலை முடிந்துவிடும். என் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து யூனிஃபார்ம் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். தைத்ததைப் பிரித்துத் திரும்பவும் தைத்தார். மறுநாள் அவர் வேலைக்குத் திரும்ப வேண்டும். அந்தச் சட்டையை இனிமேல் போட விடுவார்களா என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

வீடுகளில் காஸ் கசிவு பார்ப்பது அவர் வேலை. கையில் கருவி இருக்கும்தான். ஆனால் அதை எந்த மூலையில் நீட்டுவது என்று மூக்குதான் முதலில் சொல்ல வேண்டும். ஆபீஸில் அவருக்கு மோப்பக்காரர் என்றே பெயர். போன மாதம் வந்த காய்ச்சல் அந்த மோப்பத்தை அடியோடு வாரிக்கொண்டு போய்விட்டது. காய்ச்சல் விட்டது, மூக்கு திரும்பவில்லை. சூப்பர்வைசரிடம் சொன்னால் ஸ்டோரில் குழாய் எண்ண உட்கார வைப்பார்கள். சொல்லாமல் போய், ஏதாவது ஒரு வீட்டில் "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்தால்? மூக்கும் முழியுமான மாப்பிள்ளை என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். இப்போது முழி மட்டும்தான் மிச்சம் என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். அவர் சிரித்தார். நான்தான் குளியலறைக்குள் போய் அழுதேன்.

ஆரம்பத்தில் காப்பிப் பொடி, தைலம், வெங்காயம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அவர் மூக்கடியில் நீட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பள்ளிப் பிள்ளை போலத் தலையை ஆட்டி இல்லை என்பார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் விட்டுவிட்டேன். குறை சொல்லாமல் ஒரு வாய் உள்ளே தள்ளாத மனுஷன், நான் எதை வைத்தாலும் "நல்லாருக்கு" என்றார். அடிபிடித்த குழம்பும் நல்லாருக்கு. கல்யாணமான நாளிலிருந்து நான் ஏங்கிய வார்த்தை அது. இப்போது அதைக் கேட்டால் பயமாக இருந்தது.

சாசேஜை வட்ட வட்டமாக நறுக்கி, ஓரம் சிவக்கும்வரை வதக்கினேன். அதிலேயே பூண்டு, தக்காளி. பிறகு பாஸ்தாவைக் கொட்டித் தண்ணீரும் கொஞ்சம் பாலும் விட்டு மூடினேன். வெந்ததும் சீஸைத் துருவிப் போட்டேன். வழக்கமாக வாங்கும் சீஸ் கடையில் தீர்ந்துவிட்டிருந்ததால் ஏதோ ஒரு மஞ்சள் கட்டியை எடுத்து வந்திருந்தேன். சூட்டில் அது உருகி நூல் நூலாக இழுபட்டது. அதன் வாடை எனக்கே ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் பசி.

"வாசல்ல யார் ஷூ கிடக்கு?" என்றார் கூடத்திலிருந்து.

"யார் ஷூவும் இல்லையே."

"ஈர சாக்ஸ் மாதிரி ஒரு நாத்தம்..."

நான் கோபத்தோடு வாசலை எட்டிக்கூடப் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. கரண்டியோடு அப்படியே நின்றேன். அவரும் ஊசியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க. இப்ப என்ன சொன்னீங்க?"

எழுந்து வந்து வாணலிக்கு மேல் குனிந்தார். மூடிய கண்ணோரம் ஈரமாக இருந்தது. "சீஸா இது? எந்தக் கடையில பிடிச்ச? பூண்டு வேற கருகியிருக்கு" என்றார். என் சமையலுக்கு இவ்வளவு நல்ல வார்த்தையை யாரும் சொன்னதில்லை. சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்ததில் அடுப்பை அணைக்கவே மறந்து போனேன். அவர்தான் அணைத்தார்.

பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தார். காஸ் வாசனை எப்படி இருக்கும் என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரிவதற்காக ஆபீஸில் கொடுக்கும் அட்டை. நகத்தால் சுரண்டினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். சுரண்டி மூக்கில் வைத்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"இருக்கு. லேசா."

"லேசான்னா?"

"தூரத்துல யாரோ பேசற மாதிரி. இது பத்தாது. நாளைக்கு சார்கிட்ட உள்ளதைச் சொல்லிடறேன். இன்னும் கொஞ்ச நாள் ஸ்டோர்ல உக்காந்துக்கறேன்."

"திரும்பிடுமில்ல?"

"வழி தெரிஞ்சுபோச்சே, வந்துடும்" என்றார். ஒரு மாதத்தில் முதல்முறையாக அவர் தோள் கீழே இறங்கியதைப் பார்த்தேன்.

தட்டுகளை எடுக்கத் திரும்பினேன். பின்னாலிருந்து வந்து என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார்.

"டீசல் நாத்தம்."

"அப்போ தள்ளிப் போங்க."

"மாட்டேன்."

வாணலியில் சீஸ் ஆறி இறுகிக்கொண்டிருந்தது. கையில் இரண்டு தட்டுகளோடு நான் அசையாமல் நின்றேன்.