பஞ்சம்மாள் கேட்ட பிடிமண்

எட்டு மாதம் மல்லுக்கட்டி, கடலோரத்தில் ஒரு பழைய கோயில் இருந்து மறைந்த இடத்தில் வெறும் கூடம் ஒன்றைக் கட்டி முடித்திருந்தேன். மியூசிக் ஃபவுண்டன் வேண்டாம், செல்ஃபி மேடை வேண்டாம், ஃபைபர் கோபுரம் சத்தியமாக வேண்டாம் என்று கமிட்டியிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. உள்ளே ஒன்றும் இருக்காது. வழவழவென்று கருங்கல் தரை மட்டும். வருகிறவர்கள் உட்கார்ந்து, தொலைந்த கோயிலை நினைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம். அதுதான் அருங்காட்சியகம்.

நாளை மறுநாள் திறப்பு விழா. பரமக்குடிப் பக்கமிருந்து பஸ் மாறி வந்த பஞ்சம்மாள், மடியில் மஞ்சள் துணியோடு நட்டநடுத் தரையில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து! எழுந்திருக்கிற வழியைக் காணோம்.

"ஊர்ல புதுக் கோயிலுக்கு நாளைக்கு அஸ்திவார வானம் தோண்டுறாக. இங்கனருந்து ஒரு பிடி மண்ணு போட்டாத்தான் சாமி அங்கன வரும். எடுக்காமப் போகமாட்டேன்."

"அக்கா, வெளிய மண்ணு குமிஞ்சு கெடக்கு. சாக்குல கட்டித் தாரேன், போங்க."

"அது லாரியில வந்த மண்ணு. சாமி மண்ணு ஒங்க கல்லுக்கு அடியில கெடக்கு. ஒரு முழம் கல்லு போடாம விடுங்கன்னு அன்னைக்கே வந்து சொன்னேன்ல?"

சொன்னார்தான். அன்றைக்கு யார்தான் எதையாவது கேட்கவில்லை? ஃபவுண்டன் கேட்டவர்களோடு இவரையும் சேர்த்து விரட்டியிருந்தேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கோயில் தொலஞ்சு எத்தனையோ காலமாச்சு. அத நெனச்சுப் பாக்கத்தான இந்த எடமே!"

"யாருக்குத் தொலஞ்சுச்சு? எங்கன இருக்குன்னு தெரிஞ்சுதான நாங்க வாரோம்? நீங்கதான் தாயி மூடிப்புட்டீக."

சுருக்கென்றது. வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது, ஆனால் அவர் மேல் இல்லை. தரை போட்ட, மண்டபம் ஊர்க் காண்ட்ராக்டர் ஹமீது சுல்தானைக் கூப்பிட்டு ஒரு கல்லைப் பெயர்க்கச் சொன்னேன்.

"யா அல்லாஹ்! மயிரிழை இடைவெளி தெரியக்கூடாதுன்னு மூணு தடவ பேத்துப் போட வச்சீகளே, மேடம்!"

"நாலாவது தடவையும் பேத்துருங்க, பாய்."

கடப்பாரை இறங்கியது. கல்லுக்கு அடியில் ஈர மண். பஞ்சம்மாள் ஒரே ஒரு பிடி அள்ளி, துணியில் முடிந்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நல்லா அள்ளிக்கங்க அக்கா. திரும்ப மூடப்போறோம்."

"ஒரு பிடிதான் தாயி. இந்தச் சாமியக் கும்புடுற மத்த பதினோரு ஊருக்காரகளும் மண்ணெடுக்க வரணும்ல?"

பதினோரு ஊரா! தலையில் கைவைத்துக்கொண்டு, பெயர்த்த கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஹமீது பாய் சிமெண்ட் சட்டியோடு வந்து நின்றார்.

"கொண்டுபோயிருங்க, பாய்," என்றேன். "குழி இப்படியே இருக்கட்டும்."