உலைக்காரரின் சட்டைகள்

கம்பளத்தில் சுற்றிய அப்பாவை ஆண்கள் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டியதும் ஷோல்பனின் அழுகை ஓய்ந்துபோனது. பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. பாதி ஆயுளை எஃகு உலையடியில் கழித்த அப்பா கெந்தபாய்க்கு எண்பது தாண்டிவிட்டது. நேற்று பால் தேநீர் குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழவில்லை. இப்படி ஒரு சாவு யாருக்கு வாய்க்கும் என்றுதான் வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அவளுக்கும் அதில் ஒரு நிறைவு இருக்கத்தான் செய்தது.

உறுத்திக்கொண்டிருந்தது வேறொன்று. இன்று மாலை அவளுடைய கண்காட்சி. ஆலைத் தொழிலாளர் மன்றத்தின் பெரிய கூடத்தில் சுவர் முழுக்க உலைகளின் புகைப்படங்கள். ஒரு திரையில் ஓயாமல் ஓடும் உருகிய இரும்பு. நடுவே பழைய கிரேன் கொக்கியில் அவளுடைய சிற்பம். அப்பாவும் அவர் கூட்டாளிகளும் கழித்துப்போட்ட வேலைச் சட்டைகளை நீளநீளமாகக் கிழித்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தாள். அதை வாங்கலாமா என்று பார்க்க அல்மாத்தி நகர அருங்காட்சியகத்திலிருந்து ஓர் அம்மாள் வருகிறாள்.

அண்ணன் பெரிக் காலையிலேயே சீறியிருந்தான்.

"அப்பா இன்னும் வீட்லதான் கிடக்காரு. உனக்குத் திறப்பு விழா கேக்குதா?"

"அவரே வர்றேன்னு சொல்லியிருந்தாருண்ணே. சட்டைங்களச் சேத்துக் குடுத்ததே அவருதான்."

"கந்தலத் தொங்கவிட்டா கலையா? என்னமோ பண்ணித் தொலை. நம்ம சனம் ஒருத்தர் எட்டிப் பாக்க மாட்டாங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் நெஞ்சில் தைத்தது. அருங்காட்சியகம் வாங்கினால் வாங்கட்டும், விட்டால் போகட்டும். அந்தச் சட்டைகளுக்குள் வெந்தவர்கள் பார்க்காவிட்டால் யாருக்காகச் செய்தது?

சாவுச் சாப்பாடும் அதே மன்றத்தின் உணவுக்கூடத்தில்தான். இடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் குதிரைக்கறியை ஒரு கை பார்த்தார்கள். தொழுகை முடிந்ததும் அண்ணி ராஹிலா துணி கொடுக்க ஆரம்பித்தாள். நிறைவாழ்வு வாழ்ந்து போனவர் வீட்டில் துணியைக் கிழித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். அந்த ஆயுள் நமக்கும் ஒட்டிக்கொள்ளட்டும் என்று ஆளாளுக்கு வாங்கிப் பத்திரப்படுத்துவார்கள். ஆனால் பாதிப் பேருக்குக் கொடுப்பதற்குள் பை காலியாகிவிட்டது.

"இவ்ளோ கூட்டத்த யாரு கண்டா? வெறுங்கையோட அனுப்பினா மானம் போயிடும்டீ" என்று ராஹிலா கையைப் பிசைந்தாள்.

அப்போதுதான் கண்காட்சி வைத்திருந்த எதிர்க்கூடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கழிப்பறை தேடிப் போன ராயிசா, ஒரு காலத்தில் கிரேன் ஓட்டிய கிழவி, தவறான கதவைத் திறந்திருந்தாள்.

"இங்க வாங்க எல்லாரும்! கெந்தபாயோட சட்டையவே நமக்காகக் கிழிச்சு வெச்சிருக்காங்க!"

ஷோல்பன் ஓடிப் போவதற்குள் சிற்பத்தின் அடிப்பாதி ஆட்களின் கைகளில் இருந்தது. ஒரு கிழவர் தன் துண்டை மோந்து பார்த்தார்.

"நம்ம உலைச் சட்டையேதான். பொறி பட்ட ஓட்டையப் பாரு."

"ஏய், அந்தப் படத்துல இருக்கறது நீதானே? அப்பவும் சும்மாதான் நின்னிருக்க!"

பெரிக் பதறிப்போய்க் கையை விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தான். "ஐயோ விடுங்க! அது என் தங்கச்சி செஞ்ச சிற்பம்!"

ஷோல்பன் அவனைப் பார்த்தாள். அவன் வாயிலிருந்து சிற்பம் என்ற சொல் வந்து அவள் கேட்டதே இல்லை. சுவரோரமெல்லாம் கிழவர்கள் படங்களில் தங்களைத் தேடிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின.

"விடுண்ணே. ஏணிய எடுத்துட்டு வா. மேல இருக்கறது அவங்களுக்கு எட்டாது."

அருங்காட்சியக அம்மாள் வந்தபோது கொக்கி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"சிற்பம் எங்கேங்க?"

"எல்லாரும் வாங்கிட்டுப் போயிட்டாங்க. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்றாள் ராஹிலா. அந்த அம்மாள் கொக்கியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் புகைப்படங்கள் பக்கம் போனாள்.

திரைக்கு முன்னால் கிடந்த பெஞ்சில் ராயிசா உட்கார்ந்திருந்தாள். ஷோல்பன் அவளருகில் போய் உட்கார்ந்தாள். கிழவி அவளுடைய வெறுங்கையைப் பார்த்தாள்.

"உனக்கெங்க, பொண்ணே?"

"தீந்துபோச்சு அத்தை."

"நல்லா இருக்கே கதை! பெத்த மகளுக்கு இல்லாததா?"

ராயிசா தன் துண்டின் ஓரத்தைப் பல்லால் கடித்து, நீளவாக்கில் சர்ரென்று கிழித்தாள். ஒரு பாதியை நீட்டினாள்.

ஷோல்பன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.