சலவைக்கடையில் அறுந்த நூல்கள்

பிள்ளைகள் வைத்த பெயர் சுத்துவழி அண்ணன். வயது இருபத்தாறு. வேற்றூரிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. நகரமைப்பு அலுவலகத்தில் வேலை, அதே கட்டடத்தின் மொட்டை மாடி அறையில் வாசம். அவன் வழி தவறாமல் போகக்கூடிய ஒரே இடம் அலுவலகம்தான் என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். ரொட்டி வாங்கப் போனாலும் போன் சொல்கிறபடி பெரிய ரோட்டைச் சுற்றித்தான் போவான். அப்படிப்பட்டவன் தலையில்தான் சனிக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நகரமைப்பு சொல்லித்தரும் வேலையைக் கட்டியிருந்தார்கள்.

அன்று தரை முழுக்க வரைபடம். பிள்ளைகள் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியை அதில் நூலால் ஒட்ட வேண்டும். நூல்கள் நெருங்கும் இடத்தில் புதிய பஸ் நிறுத்தம். தலைமைப் பொறியாளர் அம்மா மதியம் வந்து பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு.

குனிந்து பார்த்தவனுக்குத் தலை சுற்றியது. எல்லா நூலும் சலவைக்கடையின் பின்சுவர்வரை ஒழுங்காக வந்து, அங்கே அறுந்து, கடையின் முன்வாசலில் மறுபடி தொடங்கியது.

"என்ன இது? நடுவுல காணோம்?"

"நூல் தீர்ந்துபோச்சுண்ணா" என்றான் வாயாடி என்று பேர்போன பையன்.

"எல்லாருக்கும் அதே இடத்துலயா?"

"ஒரே கடையில வாங்கின நூல்ணா."

ஒட்டடைக்குச்சி என்று பேரெடுத்த நெட்டைப் பெண் எழுந்தாள். "பாவம், காட்டிடலாம்டா. இவரு சுத்துறதைப் பார்த்து நமக்குல்ல கால் வலிக்குது."

அவனை இழுத்துக்கொண்டு போய்ச் சலவைக்கடையின் பின்கதவைத் தள்ளினார்கள். உள்ளே ஒரே நீராவி. கடைக்கார அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"புது ஆளா? சும்மா கையை வீசிட்டு இந்தப் பக்கம் போக முடியாது. கூடையை எடு."

அங்கே அதுதான் சட்டம். குறுக்கே போகிறவர் தேய்த்த துணிக் கூடையொன்றை முன்கடைக்குச் சுமக்க வேண்டும். அவன் சுமந்தான். வெளியே வந்தால் எதிரே பள்ளிக்கூடம். பெரிய ரோட்டில் லாரிகளுக்கு நடுவே சுற்றி வந்திருந்தால் இன்னும் பாதி வழிகூட வந்திருக்க மாட்டான்.

"மேடத்துகிட்ட சொல்லிடாதீங்கண்ணா" என்றாள் ஒட்டடைக்குச்சி. "கதவை மூடிடுவாங்க."

அவன் யோசித்தபடியே அலுவலகத்துக்குத் திரும்பினான். சொன்னால் வழி போய்விடும். சொல்லாவிட்டால் நிறுத்தம் பெரிய ரோட்டுக்குப் போய்விடும். பிள்ளைகள் தினமும் லாரிகளோடு மல்லுக்கட்ட வேண்டும்.

மதியம் வந்த அம்மா, நூல் அறுந்த இடத்தில் பேனாவை வைத்தார். "இங்கேருந்து இங்க எப்படிப் போறீங்க?"

"குதிச்சு, மேடம்" என்றான் வாயாடி.

"எதை? சலவைக்கடையையா?"

"பழகிட்டோம்."

அம்மா சுத்துவழி அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்களும் குதிப்பீங்களா தம்பி?"

அவன் நூல் அறுந்த இடத்தில் விரலை வைத்தான். "வழி இருக்கு மேடம். சொன்னா மூடிடுவீங்கன்னு பயப்படறாங்க. எனக்கும் பயம்தான். மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை நடந்து பாருங்க."

"போட்டுக் கொடுத்துட்டாரே!" என்று முணுமுணுத்தான் வாயாடி.

அம்மா அவர்களோடு சலவைக்கடைக்கு நடந்தார். கடைக்கார அக்காவுக்குத் தலைமைப் பொறியாளரும் ஒன்றுதான், வாயாடியும் ஒன்றுதான். யாருடையதோ திரைச்சீலைகள் நிறைந்த கூடையை அம்மாவின் கையில் திணித்துவிட்டாள். முன்கடைக்கு வந்து சேர்ந்த அம்மா கூடையை இறக்கி, ஆவி படிந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"இஸ்திரிப் பெட்டிக்கும் பிள்ளைங்களுக்கும் நடுவுல இவ்வளவுதான் இடமா? இது சரிப்படாது."

பிள்ளைகளின் முகம் தொங்கிப்போனது.

"பக்கத்துல குப்பை கொட்டி வேலி போட்ட சந்து யாருது?"

"நம்ம ஆபீசுதுதான் மேடம்." அதற்கு வரைபடத்தில் வண்ணம் தீட்டியவனே அவன்தான்.

"அப்ப அதைத் திறக்கலாம். பஸ் நிறுத்தத்தையும் அந்தச் சந்து வாயிலயே வைக்கலாம். ஆனா நான் மட்டும் ஆசைப்பட்டா ஆகாது, தெருக்காரங்க வந்து கேக்கணும். புதன்கிழமை கூட்டம் இருக்கு. அதுவரைக்கும் இந்தக் கதவை நான் பார்க்கலை."

"அவங்கல்லாம் சந்து வழியாப் போயிட்டா என் கூடையை யாரு தூக்குவா?" என்றாள் அக்கா.

தெருக்காரர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட அறிவிப்பு எழுத உட்கார்ந்தார்கள். 'பாதசாரிகள் இணைப்புத் தடம்' என்று தொடங்கினான் அவன். ஒட்டடைக்குச்சி பேனாவைப் பிடுங்கி அதை அடித்துவிட்டாள். கடைசியில் வேலியில் தொங்கியது இதுதான்:

"நாங்க பெரிய ரோட்டைச் சுத்தாம பள்ளிக்கூடம் போகணும். இந்தச் சந்து திறந்தாப் போதும். புதன்கிழமை சாயங்காலம் நகரமைப்பு ஆபீசுக்கு வந்து எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க."