பள்ளிக்கூடத்து வேலிக் குழாய்

கம்பனி பூட்டிப் பதினேழு நாள். அந்தப் பதினேழு நாளும் நான் வழக்கம்போலக் காலை ஏழு மணிக்கு வந்து, பக்கக் கதவால் உள்ளே போனேன். நான் தண்ணீர் சோதிக்கும் சின்ன அறையை மட்டும் முதலாளி பூட்டவில்லை.

உரும்பிராயில் அது ஒரு சோடாக் கம்பனி. சண்டையால் பொருள்களுக்குத் தடை வந்த பிறகு வாயுச் சிலிண்டர் வரவில்லை. நன்னாரிச் சர்பத்தைத்தான் போத்தலில் அடைத்தோம். ஊர் அதையும் சோடா என்றே சொன்னது. பதினாலு பேர் வேலை செய்தோம்.

பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்து முடித்து ஒன்றரை வருடம் நான் வீட்டில் சும்மா இருந்தேன். யாரிடமும் போய் வேலை கேட்க எனக்கு வாய் வராது. அம்மா யாரிடமோ சொல்லி, அது முதலாளியின் காதுக்குப் போய், அவரே எங்கள் வாசல் படலைக்கு வந்தார். சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்டார்.

"பிள்ளை, தண்ணி சோதிப்பீரோ?"

"ஓம்" என்றேன். நேர்முகத் தேர்வு அவ்வளவுதான்.

சோடாக் கம்பனிக்கு என்னத்துக்கு ஒரு பட்டதாரிப் பெண் என்று சந்தையில் சிரித்திருக்கிறார்கள். "என்ரை நாக்குக்கு உப்புத்தான் தெரியும். மிச்சம் ஆருக்குத் தெரியும்?" என்றாராம் அருளம்பலம். அதுதான் முதலாளியின் பெயர்.

கம்பனிக்கு அடுத்த வளவு பள்ளிக்கூடம். தீவுப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த நூற்றுப்பத்துக் குடும்பங்கள் அங்கே வந்து தங்கின. வந்த இரண்டாம் நாள் முதலாளி எங்கள் தொட்டியிலிருந்து வேலி வரை ஒரு குழாய் இழுத்து, திறந்து மூட இரண்டு பைப்பு வைத்தார். அன்றிலிருந்து ஒரு ஒழுங்கு. காலையில் கிணற்றுத் தண்ணீர் முதலில் பள்ளிக்கூடத்துப் பீப்பாய்களுக்குப் போகும். அவை நிரம்பிய பிறகுதான் எங்கள் முதல் போத்தல்.

போத்தல் கழுவும் பூரணமக்கா ஒருநாள் கேட்டேவிட்டார். "முதலாளி, கிணறு உங்கடை அப்பர் வெட்டினது. நாங்கள் பத்து மணி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறம்."

"கிணத்தை அப்பர் வெட்டினவர். தண்ணியையும் அவரோ வெட்டினவர்?"

"அப்ப எங்களுக்குச் சம்பளம் பத்து மணியிலை இருந்தோ?"

"வாய்க்குத் தனிச் சம்பளம் தாறன், போத்தலைக் கழுவும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் தன் செய்கைக்கு அதற்கு மேல் விளக்கம் சொல்லி நான் கேட்டதில்லை.

என் வேலை இது. கிழமைக்கொரு தடவை கிணற்றுத் தண்ணீரை எடுத்து, சோதனைக் குழாய்களில் ஊட்டக் கரைசலோடு விட்டு, முப்பத்தேழு பாகை சூட்டில் நாற்பத்தெட்டு மணித்தியாலம் வைத்திருக்க வேண்டும். உள்ளே கவிழ்த்து வைத்த சின்னக் குழாயில் வாயுக் குமிழ் வந்தால் தண்ணீரில் மலக்கிருமி உண்டு. வராவிட்டால் இல்லை. மின்சாரம் இல்லாததால் ஒரு தேயிலைப் பெட்டிக்குள் உமி அடைத்து, அடியில் தகரம் வைத்து, தகரத்தின் கீழ் ஜாம் போத்தலில் செய்த ஒரு விளக்கை எரிய விட்டேன். அந்த விளக்கின் மண்ணெண்ணெய் முதலாளி வீட்டிலிருந்து வந்தது. அவர் மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வெளிச்சம் போனதுமே, ஆறு மணிக்கே, புத்தகத்தை மூடிவிடுகிறாள் என்று பூரணமக்கா எனக்குச் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் முடிவை ஒரு தாளில் எழுதி, கம்பனி முத்திரை குத்தி, வேலிக் குழாயின் மேல் ஒட்டுவோம். "சோதித்த நேரம்: 48 மணித்தியாலம். முடிவு: குடிக்கலாம்." தாளில் என் பெயர் இராது. பள்ளிக்கூடத்துப் பெண்கள் அதை வாசித்துவிட்டுத்தான் குடத்தை வைப்பார்கள். குளோரின் தூள் கிடைக்காத காலம். கொதிக்க வைக்க விறகும் இல்லை. அந்தத் தாள்தான் அவர்களுக்கு எல்லாம். மெல்ல மெல்ல வேறு முகாம்களிலிருந்தும் போத்தலில் தண்ணீர் வரத் தொடங்கியது. ஏழு முகாம்களுக்கு நான் தாள் எழுதினேன். முதலாளி அதற்கென்று ஒருவரிடமும் ஒன்றும் வாங்கவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்தது. பள்ளிக்கூடத்தின் பின்புறம் புதிதாக மலக்குழிகள் வெட்டியிருந்தார்கள். எங்கள் நிலத்தின் அடியிலுள்ள சுண்ணாம்புக்கல் தண்ணீரை வடிகட்டாது. வெடிப்பு உள்ள இடத்தால் எல்லாவற்றையும் விட்டுவிடும். இது எனக்குத் தெரியும். பாடத்தில் படித்ததுதான்.

அந்தத் திங்கட்கிழமையும் "குடிக்கலாம்" என்று தாள் ஒட்டினோம். வியாழக்கிழமைக்குள் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது பேருக்கு வயிற்றோட்டம். அதில் பதினொரு பேர் குழந்தைகள். முகாமிலிருந்து வந்து எங்களோடு போத்தல் கழுவிய கத்தரீனாவின் ஆறு வயது மகள் றோஸ் நாலு நாள் ஆஸ்பத்திரியில் சேலைனோடு கிடந்தாள். எல்லோரும் பிழைத்தார்கள். இதை எழுதும்போதும் அந்த வசனத்தை இரண்டு தரம் எழுதத் தோன்றுகிறது. எல்லோரும் பிழைத்தார்கள்.

வியாழன் காலை முதலாளி என் அறைக்கு வந்தார். பெட்டியின் அடியில் குனிந்து விளக்கை எடுத்தார். காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். திரும்ப வைத்தார். நான் சுவரோடு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இண்டைக்குப் புதுசா ஒரு சோதனை போடும்" என்றார். "நாப்பத்தெட்டும் போகட்டும்."

அன்று மத்தியானமே என் மேசையில் ஒரு முழுப் போத்தல் மண்ணெண்ணெய் இருந்தது. சனிக்கிழமை எல்லாச் சோதனைக் குழாயிலும் குமிழ்.

ஆனால் அவர் சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. வியாழனே வேலிக் குழாயை அடைத்தார், கம்பனியைப் பூட்டினார், சைக்கிளை எடுத்தார். அரியாலை, கோப்பாய், சாவகச்சேரிச் சந்தை என்று எங்கள் போத்தல் போன ஒவ்வொரு கடைக்கும் தானே போனார். மூன்று நாளில் எல்லாப் போத்தலும் திரும்பி வந்தன. வளவில் வைத்து ஒவ்வொன்றாகத் திறந்து ஊற்றினோம். சீனி கிடைக்காத அந்த நாளில் நிலமெல்லாம் சர்பத்துப் பாணி. சிவப்பெறும்பு வந்து, ஒரு கிழமை யாரும் வெறுங்காலோடு நடக்க முடியவில்லை. வேலை இல்லாத நாட்களிலும் கம்பனி ஆட்கள் வந்தார்கள். மலக்குழிகளைத் தூர்த்து, தள்ளிப்போய் வேறு வெட்டிக் கொடுத்தார்கள். முதலாளியும் மண்வெட்டி பிடித்தார். பிறகு கிணற்றை மூன்று தரம் இறைத்துச் சுண்ணாம்பிட்டார்.

முகாமுக்குப் போய் அவர் சொன்னது இவ்வளவுதான். "சோதனை முடிய முந்தி நான்தான் தாளை ஒட்டச் சொன்னனான். பிழை என்ரை."

அது பொய். அவர் அப்படிச் சொல்லவில்லை. என் தாளுக்காக எப்போதும் போலக் காத்துத்தான் இருந்தார்.

அதை அவரிடம் சொல்ல ஒரு தரம் முயன்றேன். "முதலாளி, அந்தத் தாள்…" என்று தொடங்கினேன்.

"கதையாதையும், பிள்ளை" என்றார். "உம்மடை தாளை நம்பி ஏழு இடத்திலை சனம் தண்ணி குடிக்குது. என்னை நம்பாட்டி ஒரு சர்பத்துத்தான் குறையும்."

நான் கதைக்கவில்லை. கதைக்காமல் இருப்பது எனக்கு எப்போதும் சுலபம். ஏழு முகாம் தண்ணீரையும் திரும்ப எடுத்துச் சோதித்தேன். விளக்கின் பக்கத்திலேயே இருந்தேன். ஆறு கிணறு நல்லது. ஏழாவதை உடனே நிற்பாட்டினோம். அந்த முகாமிலிருந்து ஒரு வயதான மனிதர் நடந்து வந்து, அறை வாசலில் இரண்டு தேசிக்காயை வைத்துவிட்டுப் போனார். அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோக எனக்குக் கை வரவில்லை.

பதினேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கிணற்றிலும் குமிழ் வராமல் இரண்டு சோதனை முடிந்திருந்தது. காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். வேலிக் குழாயைத் திறக்க விடுவதா, பிடுங்கி எறிவதா என்று முகாம்காரர் தீர்மானிப்பார்கள். பிடுங்கினால் கடைகளும் எங்கள் போத்தலை இனி எடுக்காது. பதினாலு பேருக்கு வேலை போய்விடும். பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஒரு மைல் தூரம் குடத்தோடு நடந்து, யாரும் சோதிக்காத தண்ணீரை எடுப்பார்கள். ஏற்கெனவே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார்கள்.

நான் பின்வரிசை வாங்கில் பூரணமக்காவோடு இருந்தேன். முகாம் தலைவர் தியாகராசா முன்னால் நின்றார். ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். இப்போது வகுப்பறை மூலையில் குடும்பத்தோடு இருப்பவர்.

"நானும் வியாபாரம் செய்தவன்தான்" என்று தொடங்கினார். "எனக்கு உது விளங்கும். தாளிலை கூடாது எண்டு எழுதினால் குழாயையும் பூட்டவேணும், சர்பத்தையும் நிப்பாட்டவேணும். அதுதான் பாத்தும் பாராமல் ஒட்டினவர்."

முதலாளி எழுந்து நின்றார். சால்வையை எடுத்துக் கையில் வைத்திருந்தார். "பிழை என்ரை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"மன்னிக்கிறது இருக்கட்டும்." அது கத்தரீனா. றோஸ் அவள் மடியில் இருந்தாள். "நான் உங்கடை போத்தல் கழுவினனான். காலமை நீங்கள் எங்கடை பீப்பாயைப் பாத்துக்கொண்டு நிண்டதை என்ரை கண்ணாலை கண்டனான். அப்பிடிப்பட்ட மனுசனுக்கு அண்டைக்கு மட்டும் என்ன அவசரம்? அதைச் சொல்லுங்கோ, ஐயா. எனக்கு அது விளங்கவேணும்."

முதலாளி கையிலிருந்த சால்வையை மடித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "தீபாவளி ஓர்டர் கொஞ்சம்…" என்றார்.

மண்டபம் ஒரு கணம் கணக்குப் பார்த்தது. பிறகு யாரோ பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். "தீபாவளி முடிஞ்சு பன்ரண்டு நாளைக்குப் பிறகோ?"

"அடுத்த வரியத் தீபாவளிக்காக்கும்!"

சிரிப்பு. கெட்ட சிரிப்பு. முதலாளியும் கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். அவர் கழுத்து வேர்த்திருந்தது.

கத்தரீனா சிரிக்கவில்லை. "பிழை விட்டதைப் பொறுப்பன். இப்ப பொய்யும் சொல்லுறீங்கள்" என்றாள். "இனி உங்கடை தாளை நான் என்னெண்டு நம்புறது?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தாளைக் காப்பாற்றத்தான் அவர் என்னைக் கதைக்க வேண்டாம் என்றார். ஆனால் அவருடைய பொய்யால் தாளும் போகப் போகிறது. பிறகு முகாமில் எது மிஞ்சும்?

"சரி" என்றார் தியாகராசா. "குழாயைப் பிடுங்கிறதெண்டால் கையை உயத்துங்கோ."

கைகள் எழத் தொடங்கின. முதலாளி உட்காரவில்லை. நின்றபடி ஒவ்வொரு கையாகப் பார்த்துத் தலையை ஆட்டினார், அது சரிதான் என்பதுபோல. அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எனக்கு வாய் வராது என்று அறிந்து படலைக்கு வந்து வேலை தந்தவர். மகளின் வெளிச்சத்தை என் பெட்டிக்குத் தந்தவர். இவ்வளவு நடந்தும் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்காதவர்.

நான் எழுந்தேன். பூரணமக்கா என் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "இரும், பிள்ளை. என்ன செய்யிறீர்?"

"கையை உயத்தாதையுங்கோ" என்றேன். எவருக்கும் கேட்கவில்லை. வாங்குகளுக்கு நடுவால் முன்னுக்கு நடந்தேன். முதலாளி என்னைக் கண்டார்.

"நீர் போய் இரும்" என்றார் மெதுவாக.

"இல்லை, ஐயா."

என் குரலை அந்த மண்டபத்தில் ஒருவரும் அதுவரை கேட்டதில்லை. நான் கத்தரீனாவைப் பார்த்தே சொன்னேன். மற்றவர்களைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"கத்தரீனாக்கா, அவர் ஒட்டச் சொல்லேல்லை. தாள் எழுதுறது நான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் விளக்கிலை எண்ணெய் முடியப்போகுதெண்டு கண்டனான். முதலாளியின்ரை வீட்டிலை இருந்துதான் எண்ணெய் வாறது. அந்தக் கிழமை ரெண்டு தரம் வாங்கியிட்டன். இன்னொருக்காக் கேக்க வெக்கப்பட்டன். கேட்டிருந்தால் தந்திருப்பார். திங்கக்கிழமை காலமை வந்து பாத்தன், பெட்டி குளிர்ந்துபோய்க் கிடந்தது. குழாயிலை குமிழ் இல்லை. சூடு இல்லாமல் குமிழ் வராதெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் நாப்பத்தெட்டு மணித்தியாலம் எண்டு எழுதினனான்."